டிடிஒய் பயணத்துக்கு முன் சம்பளச் சீட்டைச் சேமித்து வையுங்கள்

அமெரிக்க ராணுவத்தில் இருப்பவர்கள், தற்காலிகப் பணிக்கு (டிடிஒய்) கிளம்புவதற்கு முந்தைய மாத எல்.இ.எஸ். சம்பளச் சீட்டைச் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள். திரும்பியதும் புதிய சீட்டைப் பக்கத்தில் வைத்து, வரிக்கு வரி ஒப்பிடுங்கள். சம்பளமும் பயணப்படியும் தனித்தனி அமைப்புகள் வழியாக வருகின்றன. ஒன்றில் பதிந்தது மற்றதில் தானாக ஏறிவிடாது. குடும்பப் பிரிவுப்படி (குடும்பத்தைப் பிரிந்திருப்பதற்கான படி) விட்டுப்போகலாம். குடும்பத்தை விட்டு 30 நாட்களுக்கு மேல் தொடர்ந்து இருந்தால் உண்டு, ஆனால் டிடி 1561 படிவம் கொடுக்க வேண்டும்.

அப்புறம், பயணப்படியைக் கையாலேயே கூட்டிப் பாருங்கள். முதல் நாளும் கடைசி நாளும் உணவுப்படி 75 சதவீதம்தான். முழு நாள் உணவுப்படி 68 டாலர் உள்ள ஊர் என்றால் அந்த இரு நாட்களுக்கும் 51 டாலர். ஐந்து நாள் பயணத்துக்கு மொத்தம் 306. அரசே சாப்பாடு போட்ட நாட்களில் இது குறையும். தங்குமிட ரசீதைத் தொகை சிறிதானாலும் தூக்கிப் போடாதீர்கள்.

ஜனவரி 1-ஐத் தாண்டிய பயணம் என்றால் இந்த ஒப்பீடு ஏமாற்றும்; அன்று அடிப்படைச் சம்பளமும் வீட்டுப்படியும் மாறும். களப் பயிற்சிக்குப் பொதுவாக நாள்படி (தினசரி உணவு, தங்குமிடப் படி) கிடையாது என்பதால் அங்கே இந்தக் கணக்கு ஒத்துவராது.