ஸ்டால்ல ஆளு நிக்கணும்னா மொதல்ல மூக்கப் புடிங்க

நாங்க பாலக்கோடு பக்கம் ராகி மாவு, சாமை, ராகி லட்டு போட்டு விக்கிறோம். மொதத் தடவ கண்காட்சில ஸ்டால் போட்டப்ப பேனர், நோட்டீஸ், விசிட்டிங் கார்டுன்னு எல்லாத்தயும் அடிச்சு வெச்சிட்டு ரெண்டு நாளு ஈ ஓட்டுனதுதான் மிச்சம். நடந்து போற ஜனம் பேனரப் படிக்காதுங்க, நல்ல வாசம் மூக்குல ஏறுனாத்தான் நிக்கும். ஸ்டால் புக்கிங், எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவு (திங்கற பொருள் விக்க அரசாங்கத்துல பண்றது) எல்லாம் முடிச்சிட்டீங்கன்னே வெச்சுக்கறேன்.

1. ஒரே ஒரு வாசம்
கிருஷ்ணகிரி மாங்கனி கண்காட்சி மாதிரி எடத்துல நாமளும் மாம்பழ வாசத்தக் காட்டுனா எவனுக்குத் தெரியும்? எங்களுக்கு ராகி வறுக்கற வாசம். ரூம் ஸ்ப்ரே மட்டும் வேண்டவே வேண்டாம், திங்கற பொருள் விக்கற எடம் சோப்புக்கட மாதிரி ஆயிரும்.

2. அடுப்பு
இங்கதான் நான் மாட்டுனேன். ஹாலுக்குள்ள கேஸ் விட மாட்டாங்கன்னு இன்டக்ஷன் அடுப்பும் வீட்டு மண் சட்டியும் தூக்கிட்டுப் போனேன். மண் சட்டி அதுல சூடே ஆவாது, காந்தம் ஒட்டற பாத்திரம்தான் வேணும். எதுத்த ஸ்டால் அக்கா இரும்பு தோசக்கல்லு குடுத்தாங்க, அடுப்போட பெரிய பின்ன சின்ன பாயின்ட்ல சொருக கன்வெர்ட்டர் பிளக்கு போட்டு ஆன் பண்ணேன், பொட்டுன்னு எங்களோட சேத்து நாலு ஸ்டாலும் இருட்டு. எனக்கு குடுத்திருந்தது 5 ஆம்பியர் பாயின்ட், 230 வோல்ட்டுக்கு கணக்குப் போட்டா 1150 வாட்தான், என் அடுப்போ 2000 வாட். வாங்குன திட்டு ஒரு வண்டி இருக்கும். புக் பண்றப்பவே 15 ஆம்பியர் பாயின்ட் கேட்டு வாங்குங்க. இல்லன்னா 800 வாட்ல வெச்சு கைப்புடி கைப்புடியா வறுங்க (கீழ அப்டேட் பாத்துட்டு!).

3. காத்து
அடுப்புக்குப் பின்னால சின்ன டேபிள் ஃபேன், மெதுவா, ஜனம் நடக்கற பக்கம் பாத்து. ஹால் காத்து எங்க இழுக்குதுன்னு ஒரு நூலத் தொங்கவிட்டாலே தெரிஞ்சிரும். இன்னொன்னு, கொஞ்ச நேரத்துல நம்ம மூக்கு அந்த வாசத்துக்குப் பழகிரும், வாசமே வரலயேன்னு மேல மேல வறுத்து நான் ஒரு படி ராகியத் தீய வுட்டேன். வெளிய போயி டீ குடிச்சிட்டு வந்து மோந்து பாருங்க.

4. ஏந்திரக்கல்லு
கையால சுத்தி மாவு அரைக்கற கல்லு, பாட்டி வீட்டுல சும்மா கெடந்தது. கொழந்தைங்க சுத்த ஆரம்பிச்சா அந்த கர்ர்ர் சத்தத்துக்கே நாலு பேர் திரும்பிப் பாப்பாங்க, பெத்தவங்களும் நின்னுதான ஆவணும். ஸ்பீக்கர்ல பாட்டு போட்டுக் கெடுத்துராதீங்க. அடியில ரப்பர் மேட் போடுங்க, நகரும். அந்த மாவ மட்டும் விக்காதீங்க, ஊரு கை பட்டது.

5. லைட்டு
வெள்ள டியூப்லைட்டுல ராகி லட்டு சாணி உருண்ட மாதிரி தெரியும். லேசா மஞ்சளா எரியற 3000 கெல்வின் வார்ம் எல்இடி ரெண்டு மாட்டுங்க, தீந்துச்சு.

6. ருசி
கோலிகுண்டு அளவு போதும். முழு லட்டு குடுத்தா தின்னுட்டு தண்ணி கேட்டுட்டுப் போயிருவாங்க. வேர்க்கடல இருக்குன்னு பெருசா எழுதி வைங்க, சிலருக்கு ஒத்துக்காது.

அப்டேட்: ஓசூர்ல எலக்ட்ரீசியன் அண்ணன் ஒருத்தர் இதப் படிச்சிட்டு சொன்னாரு, நெறய இன்டக்ஷன் அடுப்பு கொறச்சலா வெச்சாலும் அணைஞ்சு அணைஞ்சு எரியும், எரியறப்ப 1000 வாட்டுக்கு மேலயே இழுக்குமாம். அதனால நான் 1000 வாட் காயில் அடுப்புக்கு மாறிட்டேன். எதுத்த ஸ்டால் அக்கா தோசக்கல்லு இன்னும் எங்கிட்டதான் இருக்கு.