மோட்டாரை மாற்றுவதற்கு முன் எர்த்தைப் பாருங்கள்: ரேடியேட்டர் ஃபேன் பழுது கண்டறிதல்

கச்சான் காற்று வீசிக்கொண்டிருந்த ஆனி மாதப் பிற்பகல் ஒன்றில், உச்சிப்புளியிலிருந்து ராமேஸ்வரத்துக்குக் குடும்பத்தோடு காரில் போய்க்கொண்டிருந்தோம். மண்டபம் தாண்டும் வரை வெப்பமுள் நடுக்கோட்டை விட்டு அசையவில்லை. பாம்பன் பாலத்தின் மேல், கடலைப் பார்ப்பதற்காக நிறுத்திய வண்டிகளால் நெரிசல், நாங்களும் நின்றோம். சில நிமிடங்களில் முள் சிவப்பை நோக்கி ஏறியது. ஏ.சி.யிலிருந்து வெதுவெதுப்பான காற்று வந்தது. ஏ.சி.யை அணைத்துவிட்டு ஹீட்டரை முழு அளவில் திறந்து, கண்ணாடிகளை இறக்கினேன். இன்ஜின் சூட்டில் ஒரு பங்கை ஹீட்டர் இழுத்துக்கொள்ளும். அப்படியே ஊர்ந்து வந்து பாம்பன் கரையில் வண்டியை ஓரங்கட்டினேன்.

ஓடும்போது சூடாகாமல் நின்றால் மட்டும் சூடாகிறது என்றால், முதல் சந்தேகம் ரேடியேட்டர் ஃபேன் மீதுதான். வேகமாகப் போகும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்வித்துவிடும். நின்றால் அந்த வேலையை ஃபேன்தான் செய்ய வேண்டும். ஓடும்போதும் சூடாகிறதென்றால் கூலன்ட் அளவு, தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப் என்று வேறு பக்கம் தேடுங்கள்.

அந்த வாரமே ஃபேனின் கப்ளரை, அதாவது வயர்களை இணைக்கும் பிளக்கைக் கழற்றி, இரண்டு முனைகளுக்கும் நடுவே மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன். 12.3 வோல்ட் காட்டியது. மின்சாரம் வருகிறது, ஃபேன் சுழலவில்லை, ஆகவே மோட்டார் போய்விட்டது என்று முடிவு கட்டிப் புது மோட்டார் வாங்கிப் பொருத்தினேன். அதுவும் சுழலவில்லை. அந்த 12.3 ஏன் பொய் சொன்னது என்பதுதான் இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்தது. அதற்கு முன் வேகமாகப் பார்த்துவிட வேண்டியவை சில இருக்கின்றன.

தொடங்கும் முன்

இன்ஜின் முழுதாக ஆறட்டும். சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். சில கார்களில் சாவியை எடுத்த பிறகும் ஃபேன் திடீரென்று சுழலும். தோளில் துண்டோ துப்பட்டாவோ தொங்கக் கூடாது, விரல் இறக்கைப் பக்கம் போகவே கூடாது.

கருவிகளில் என் தேர்வு இது: சாதாரண மல்டிமீட்டர் ஒன்று, பழைய ஹெட்லைட் பல்பு ஒன்று. 55 வாட் இழைக்கு இரண்டு வயர்களைப் பற்றவைத்துக்கொள்ளுங்கள். எல்.இ.டி. வைத்த டெஸ்டர் பேனா இந்த வேலைக்கு உதவாது. அது இழுக்கும் மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால் கெட்ட இணைப்பிலும் பளிச்சென்று எரிந்து ஏமாற்றிவிடும். ஃபேனின் மின்னோட்டத்தை மல்டிமீட்டரின் 10 ஆம்பியர் துளையில் அளக்கவும் முயலாதீர்கள். சிறிய கார் ஃபேனே 10 ஆம்பியருக்கு மேல் இழுக்கும், தொடங்கும் கணத்தில் இன்னும் அதிகம்.

ஃபியூஸும் ரிலேயும்

இன்ஜினை இயக்கி ஏ.சி.யைப் போடுங்கள். பெரும்பாலான கார்களில் ஃபேன் உடனே அல்லது சற்று நேரத்தில் சுழல வேண்டும். சுழலாவிட்டால் பல்பின் ஒரு வயரைப் பேட்டரி நெகடிவில் வைத்து, மற்றதை ஃபேனுக்கான பெரிய ஃபியூஸின் இரு கால்களிலும் ஒவ்வொன்றாக வைத்துப் பாருங்கள்; இரண்டிலும் எரிய வேண்டும். கண்ணால் பார்த்து நல்லதென்று சொல்ல வேண்டாம். அடுத்து, ரிலேயை (சிறு மின்னோட்டம் ஓடும் காந்தச் சுருளால் பெரிய மின்னோட்டத்தை இணைக்கும் சுவிட்சை) பிடுங்கி, அதே எண் அச்சிட்ட வேறொரு ரிலேயை அந்த இடத்தில் செருகுங்கள். பல கார்களில் ஹாரன் ரிலே அதே வகைதான். "டிக்" என்று ஓசை கேட்டாலே ரிலே நல்லது என்று நினைக்கக் கூடாது. ஓசை சுருளுடையது, உள்ளே தொடுமுனை கருகியிருந்தாலும் ஓசை வரும்.

ரிலே மாற்றியும் பலனில்லை என்றால், ரிலேயின் அடியில் 30, 87 என்று அச்சிட்ட கால்கள் செருகும் இரண்டு துளைகளையும், நடுவில் 30 ஆம்பியர் ஃபியூஸ் வைத்த தடித்த வயரால் இணையுங்கள். 85, 86 துளைகளைத் தொடாதீர்கள். அவை சுருளுக்கானவை, காரின் கம்ப்யூட்டருக்குப் போகும் வழி அதில் இருக்கிறது. வயரால் இணைத்ததும் ஃபேன் சுழன்றால் மோட்டார், எர்த் (மின்சாரம் காரின் பாடி வழியே பேட்டரி நெகடிவுக்குத் திரும்பும் வழி) எல்லாம் நலம். பழுது ரிலேயை இயக்கும் பக்கத்தில், அதாவது வெப்ப சென்சாரிலோ அதன் வயரிலோ இருக்கிறது. சுழலாவிட்டால், 30-ஆம் துளையில் பல்பு எரிகிறதா என்று பார்த்துவிட்டு மோட்டார் பக்கம் வாருங்கள். நானும் அங்கேதான் வந்து சேர்ந்தேன்.

எர்த்: இங்கே நிதானம் வேண்டும்

மூடிய குழாயில் தண்ணீரின் அழுத்தம் முழுதாகவே இருக்கும். திறந்து விட்டால்தான் உள்ளே அடைப்பு இருப்பது தெரியும். மல்டிமீட்டர் ஏறக்குறைய மூடிய குழாய். அது மின்சாரத்தை இழுப்பதே இல்லை என்று சொல்லுமளவுக்குக் குறைவாக இழுக்கிறது. அதனால் வழியில் களிம்பேறிய இணைப்பு இருந்தாலும் 12 வோல்ட் அப்படியே காட்டும். ஓம் அளவையும் நம்ப முடியாது. அரை ஓம் தடை ஃபேனை முடக்கப் போதும். மலிவான மீட்டரில் வயர்களின் தடையே அதற்கு அருகில் வந்துவிடும். 10 ஆம்பியர் ஓட வேண்டிய வழியில் அரை ஓம் என்றால் 5 வோல்ட் அங்கேயே கரைந்துவிடும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

எனவே கப்ளரைக் கழற்றி, மோட்டாருக்குப் பதிலாக ஹெட்லைட் பல்பைச் செருகுங்கள். அது 4 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். பிளாஸ்டிக் மீது படாமல் பிடியுங்கள், கண்ணாடி சுடும். வெண்மையாக எரிந்தால் சந்தேகம் மோட்டார் மீது. மங்கலாகச் சிவந்தால் பழுது வயரில். என் காரில் இழை சிவக்கக்கூட இல்லை.

எந்தப் பக்கம் என்று அறிய, கப்ளரை மீண்டும் மாட்டிவிட்டு, ஃபேனுக்கு மின்சாரம் போகும் நிலையிலேயே அளக்க வேண்டும். மீட்டரை 20 வோல்ட் டி.சி.யில் வையுங்கள். கறுப்பு முனை பேட்டரியின் நெகடிவ் ஈயத் தலையில், அதைப் பிடித்திருக்கும் கிளாம்பில் அல்ல. சிவப்பு முனை கப்ளரின் பின்புறமாக, மோட்டாரின் எர்த் வயரில். நல்ல எர்த் 0.2 வோல்ட்டுக்குள் காட்டும். எனக்கு 9.6 காட்டியது! மோட்டாருக்குக் கிடைக்க வேண்டிய அழுத்தத்தில் பெரும்பங்கு திரும்பும் வழியில் மடிந்துகொண்டிருந்தது.

பிறகு கறுப்பு முனையை அசைக்காமல், சிவப்பு முனையை வயர் வழியே பாடியை நோக்கி நகர்த்திக்கொண்டே போனேன். ஹெட்லைட்டுக்குப் பின்னால், பாடியில் முடுக்கியிருந்த லக்கில் (வயர் நுனியில் நசுக்கிய உலோக வளையத்தில்) 9.5, அதைப் பிடித்திருந்த போல்ட்டின் தலையில் 0.1. ஒரு நகக்கண் அகல இடைவெளியில் அத்தனையும். கழற்றினால் லக்கின் அடியில் பச்சைக் களிம்பு. அது ஏறிய வயரின் உறையை உரித்தால் செம்பு கறுத்திருந்தது.

நம் கரையில் இது நடக்காமல் இருந்தால்தான் வியப்பு. 2025-இல் திறக்கப்பட்ட பாம்பன் ரயில் பாலத்துக்கே துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும் அரிப்பைத் தாங்கும் பூச்சும் தேவைப்பட்டன. தேவிபட்டினமோ தனுஷ்கோடியோ, கடலோரம் நிறுத்திய வண்டியின் முன்பக்கம்தான் உப்புக்காற்றை முதலில் வாங்குகிறது. எர்த் போல்ட்டும் அங்கேதான் இருக்கிறது.

சரிசெய்தல்

பேட்டரி நெகடிவைக் கழற்றுங்கள். வயரைப் பளபளக்கும் செம்பு தெரியும் வரை வெட்டிப் பின்வாங்குங்கள். கறுத்த செம்பில் லக்கை நசுக்கினால் மூன்று மாதத்தில் திரும்பவும் இதே இடத்துக்கு வருவீர்கள். வயர் குட்டையானால் படகுகளுக்கென்று விற்கும் வெள்ளீயம் பூசிய செம்பு வயரை ஒட்டுப்போடுங்கள். பாடியில் பெயின்ட் போய் உலோகம் மின்னும் வரை உப்புத்தாளால் தேயுங்கள். லக்கை முடுக்கிய பிறகு அதன் மேல் பெட்ரோலியம் ஜெல்லியைத் தாராளமாகப் பூசுங்கள். கடைசியில் அதே 0.2 அளவை மறுபடி எடுங்கள். என் காரில் 0.06 வந்தது. கழற்றி வைத்திருந்த பழைய மோட்டாரை மாட்டிப் பார்த்தேன், அதுவும் ஒழுங்காகச் சுழன்றது. அதையே விட்டுவிட்டேன், புதியது பெட்டியில் இருக்கிறது.

பிறகு சேர்த்தவை

இதைப் படித்துவிட்டுத் தொண்டியிலிருந்து ஒரு சகோதரி, தன் காரில் ஏ.சி. போட்டால் ஃபேன் சுழலவில்லை, முள் நன்றாக ஏறிய பிறகு முழு வேகத்தில் சுழல்கிறது என்று எழுதினார். அது எர்த் இல்லை. இரட்டை வேக ஃபேன்கள் பலவற்றில் குறைந்த வேகத்துக்கு ஒரு ரெசிஸ்டர், அதாவது மின்னோட்டத்தைக் குறைக்கும் தடை இருக்கும். அது அறுந்தால் இப்படித்தான் ஆகும். ஃபேன் சட்டத்திலேயே அதைத் தேடச் சொன்னேன். அறுந்துதான் கிடந்தது.

மூன்று அல்லது நான்கு வயர் வரும் ஃபேன்களில் வேகத்தை ஒரு மின்னணுப் பெட்டி கட்டுப்படுத்தலாம். அவற்றுக்கு வயரால் இணைக்கும் சோதனையைச் செய்யாதீர்கள். எர்த் அளவு மட்டும் அவற்றுக்கும் பொருந்தும்.

ஃபேன் நிற்காமல் சுழல்கிறது என்று கேட்டவர்களுக்கு: சாவியை எடுத்து வெகுநேரமாகியும் சுழன்றால் ரிலேயைப் பிடுங்குங்கள். நின்றுவிட்டால் பெரும்பாலும் ரிலேயின் தொடுமுனை ஒட்டிக்கொண்டிருக்கும். சாவி போட்டவுடன், இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே சுழன்றால் வெப்ப சென்சாரின் கப்ளரைக் கழற்றிப் பாருங்கள். சென்சார் அறுபட்டால் இன்ஜினைக் காப்பாற்றப் பல கார்கள் ஃபேனைத் தொடர்ந்து ஓடவிடும். அங்கேயும் முதலில் தேட வேண்டியது பச்சைக் களிம்பைத்தான்.