கடை ஈமெயில் யாருடைய கையில்? கனடாவில் புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்களுக்கு

ஒன்ராறியோவில் தனி ஆளாக ஒரு தொழிலைப் பதிவது ஒரு பின்னேர அலுவல். தொழிற்பெயரை ஒன்லைனில் பதிய 60 டொலர். ஐந்து வருடத்துக்குச் செல்லும். கனடா வரித் திணைக்களமான சிஆர்ஏயிடம் எடுக்கும் ஒன்பது இலக்கத் தொழில் எண்ணுக்குக் காசு இல்லை. விற்பனை 30,000 டொலரைத் தாண்டும்வரை எச்எஸ்டி என்ற விற்பனை வரிப் பதிவு கட்டாயமில்லை (டாக்சி, ஊபர் ஓட்டுகிறவர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது). இதுவரைக்கும் யாரும் வழுக்கி விழுவதில்லை. "எனக்குத் தெரிஞ்ச பொடியன் ஒருத்தன் இருக்கிறான், வெப்சைட்டும் ஈமெயிலும் சேர்த்து மலிவாச் செய்து தருவான்" என்று யாராவது சொல்லும் இடத்தில்தான் கரைச்சல் தொடங்குகிறது.

அந்தப் பொடியன் கள்ளன் இல்லை. பெரும்பாலும் வேலைக்குப் போய்வந்து இரவில் இதைச் செய்கிற கெட்டிக்காரப் பிள்ளைதான். ஆனால் அவன் டொமைனை, அதாவது வெப்சைட்டுக்கும் ஈமெயிலுக்குமான உங்கள் இணையப் பெயரை, தன் எக்கவுண்டில், தன் கிரெடிட் கார்டில் வாங்குகிறான். ஏற்கெனவே வேறு பல கடைகளின் வெப்சைட் இருக்கும் அதே ஹோஸ்டிங்கில் (வாடகைக்கு எடுத்த இணைய இடத்தில்) உங்களுடையதையும் ஏற்றுகிறான். அதற்குள்ளேயே ஒரு மெயில்பொக்ஸைத் திறந்து, பாஸ்வேர்டை வட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறான். எல்லாம் ஒழுங்காக ஓடும். பிறகு அவனுக்குக் கல்கரியில் வேலை கிடைக்கும், கார்ட் காலாவதியாகும், புதுப்பிக்கச் சொல்லும் அறிவித்தல் அவனுடைய பழைய ஈமெயிலில் படிக்காமல் கிடக்கும். கடைக்காரருக்கு விசயம் தெரியவருவது, "அனுப்பினது திரும்பி வருகுதே அண்ணை" என்று சப்ளையர் போன் எடுக்கும்போதுதான்.

டொட் கொம் டொமைன் காலாவதியானால் சில நாளிலேயே, டொமைன் விற்கும் ரெஜிஸ்ட்ரார்களில் பெரும்பாலானோர் டிஎன்எஸ்ஸை (அந்தப் பெயருக்கான வெப்சைட்டும் மெயிலும் எங்கே இருக்கின்றன என்று காட்டும் பதிவை) நிறுத்திவிடுவார்கள். வெப்சைட்டும் மெயிலும் ஒன்றாகப் போகும். வழமையான விலையில் புதுப்பிக்க அதிகபட்சம் 45 நாள். பல இடங்களில் இதைவிடக் குறைவு. அதன்பின் 30 நாள் மீட்புக்காலம். கட்டணம் பல மடங்கு. அடுத்த 5 நாளில் பெயர் அழிந்து, முதலில் கேட்பவருக்குப் போகும். நல்ல பெயரென்றால் அதற்கு முன்பே ஏலத்துக்கு வந்துவிடும்.

கனடாவில் இது மெயிலோடு நிற்காது. இங்கே வாடிக்கையாளர் காசு அனுப்புவது இன்டராக் இ-டிரான்ஸ்ஃபரில், உங்கள் ஈமெயில் முகவரிக்கு. ஓட்டோடெபொசிட் போட்டிருந்தால் காசு நேரே வங்கிக் கணக்கில் விழும். போடாவிட்டால் மெயிலுக்கு ஒரு லிங்க் வரும். பாதுகாப்புக் கேள்விக்குப் பதில் சொல்லி 30 நாளுக்குள் எடுக்க வேண்டும். உங்கள் பழைய டொமைனை வாங்கிய ஒருவன், எந்த முகவரிக்கு வந்தாலும் பிடிக்கிற ஒரு மெயில்பொக்ஸ் வைத்தால் போதும், அந்த லிங்க் அவனிடம் போகும். நம்மவர்கள் வைக்கும் கேள்வியும் பதிலும் எப்படியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை: கடையின் பெயர், அல்லது ஒன்று இரண்டு மூன்று நான்கு. வங்கி, சம்பளக் கணக்கு, கூகிள் மப்பில் உள்ள கடைப்பக்கம், எல்லாவற்றின் பாஸ்வேர்டையும் அதே முகவரி வழியாக மாற்ற அவன் முயலலாம். ஆகவே தொழில் கணக்கில் இன்றைக்கே ஓட்டோடெபொசிட்டைப் போடுங்கள். டொமைன் அலுவலையும் அதோடு பாருங்கள்.

புதிதாக வந்தவர்களைப் பிறர் பெயரில் டொமைன் வாங்கத் தள்ளும் விதி ஒன்றும் உண்டு. டொட் சிஏ பெயர்களை நிர்வகிக்கும் சீரா அமைப்பு, தனிநபரென்றால் குடியுரிமை அல்லது நிரந்தர வதிவிடம் உள்ளவர்களுக்கு மட்டுமே பெயர் தரும். வேர்க் பெர்மிட்டில், ஸ்ரடி பெர்மிட்டில் இருப்பவர்களுக்கு, அகதிக் கோரிக்கை முடியாதவர்களுக்கு, சொந்தப் பெயரில் கிடைக்காது. 60 டொலரில் பதிந்த தொழிற்பெயரும் உதவாது, ஏனென்றால் சட்டத்தின் பார்வையில் அதுவும் தனிநபர்தான். உடனே மாமாவின் பெயரிலோ சிநேகிதனின் பெயரிலோ வாங்கிவிடுகிறோம். பிறகு மாமாவோடு ஒரு மனஸ்தாபம் வந்தால் கடையின் முகவரியே மாமாவுடையது. இதற்கு இரண்டு நேர்வழி உண்டு. டொட் கொம் வாங்குங்கள். அதற்கு எந்த வதிவிட நிபந்தனையும் இல்லை. இல்லையென்றால் கொம்பனியாகப் பதியுங்கள்: ஒன்ராறியோவில் 300 டொலர், அந்தக் கொம்பனியின் பெயரில் டொட் சிஏ எடுக்கலாம்.

பெயரைத் தெரிவு செய்யும்போது இன்னொன்று. 'ழ' வரும் பெயரை இங்கிலிசில் மூன்று விதமாக எழுதலாம்; போனில் சொன்னால் நாலாவது விதமாக எழுதுவார்கள். சப்ளையரின் கிளார்க் ஒரே தடவையில் எழுதக்கூடிய பெயராகப் பாருங்கள்.

டொமைன் எக்கவுண்டை நீங்களே திறவுங்கள். உரிமையாளர் என்ற இடத்தில் உங்கள் பெயர், உங்கள் கார்ட், தானாகப் புதுப்பிக்கும் வசதி 'ஒன்'. அந்த எக்கவுண்டின் லொகின் ஈமெயில் அதே டொமைனில் இருக்கவே கூடாது. டொமைன் விழுந்தால் மீட்கும் கடிதமும் அதோடு விழும். ஒரு ஜிமெயில் போதும். வெப்சைட் செய்கிறவருக்கு டெலிகேட் அக்சஸ் (அவருடைய சொந்த லொகினில் உள்ளே வேலை செய்யும் அனுமதி) கொடுக்கலாம், பாஸ்வேர்டைக் கொடுக்க வேண்டாம். இரண்டடுக்குப் பாதுகாப்பை எஸ்எம்எஸ்ஸில் வைக்காமல் ஒதென்டிகேற்றர் அப்பில் வையுங்கள், பக்கப் கோட்களைக் கடதாசியில் அச்சடித்து வையுங்கள். ஊர் சிம்முக்குக் கோட் வரும்படி விட்டுவிட்டு, ஒரு வருடத்தில் அந்த சிம் செத்துப் போய், சொந்த எக்கவுண்டுக்கு வெளியே நிற்பவர்கள் இங்கே ஏராளம்.

டொமைன் ஏற்கெனவே பொடியனின் எக்கவுண்டில் இருந்தால், அதே ரெஜிஸ்ட்ராரில் நீங்களும் ஒரு எக்கவுண்ட் திறந்து அதற்குள் தள்ளிவிடச் சொல்லுங்கள், அதுதான் இலேசு. வேறு இடத்துக்கு மாற்றுவதென்றால் டொமைனின் லொக்கைத் திறந்து, மாற்ற அனுமதிக்கும் இரகசியக் குறியீடான ஓத் கோட்டை எடுக்க வேண்டும். டொட் கொம் புதிதாகப் பதிந்து 60 நாளுக்குள் மாற்ற முடியாது. மாற்றுமுன் டிஎன்எஸ் பக்கத்தை முழுதாக ஸ்கிரீன்சொட் எடுத்து வையுங்கள். இதைச் சண்டை வந்த பிறகு கேட்காமல், சிரித்துக் கதைக்கிற காலத்திலேயே கேளுங்கள்.

இனி மெயிலை எங்கே வைப்பது? வெப் ஹோஸ்டிங்கோடு இலவசமாக வரும் மெயில் வேண்டாம். ஒரே சேர்வரில் இருக்கும் நூற்றுக்கணக்கான தளங்களில் ஒன்று ஸ்பாம் அனுப்பினாலும் அந்தச் சேர்வரின் முகவரியான ஐபி தடைப்பட்டியலில் ஏறலாம். ஏறினால் உங்கள் இன்வொய்ஸ் வாடிக்கையாளரின் ஸ்பாம் பெட்டிக்குப் போகும். அதோடு, வெப்சைட்டை வேறிடம் மாற்றும் நாளில் மெயிலும் ஆடும். இன்டர்நெட் கொம்பனி தரும் முகவரியும் அதே கதைதான். கொம்பனியை மாற்றினால் முகவரி போச்சு.

கூகிள் வேர்க்ஸ்பேஸ், மைக்ரோசொஃப்ட் 365, ஸோஹோ மூன்றில் எதை எடுத்தாலும் சின்னக் கடைக்குப் போதும். முதலிரண்டும் ஒரு ஆளுக்கு மாதம் பத்து டொலர் சுற்றுவட்டம். கூகிளின் அடித்தளத் திட்டத்தில் ஆளுக்கு 30 ஜிபி. ஜிமெயில் பழகியவர்களுக்குப் படிக்க ஒன்றும் இல்லை. கணக்காளர் எக்செல்லும் வேர்டும் அனுப்பிக்கொண்டே இருப்பவரென்றால் மைக்ரோசொஃப்ட் சுகம். ஸோஹோ சென்னைக் கொம்பனி, விலையும் குறைவு, பொருளும் நல்லது. அதன் இலவசத் திட்டத்தில் ஐந்து பேர், ஆளுக்கு 5 ஜிபி. ஆனால் மெயில் அப்களை இணைக்கும் ஐமப் வசதி கிடையாது, போனில் இருக்கும் வழமையான மெயில் அப்பிலோ அவுட்லுக்கிலோ இணைக்க முடியாது. இந்தியாவில் இருந்தபோது திறந்த ஸோஹோ எக்கவுண்டிலேயே கனடாக் கடையைச் சேர்க்க வேண்டாம். அந்த எக்கவுண்ட் இந்திய டேட்டா சென்டரில் நிற்கும், மெயில் வந்து சேரவேண்டிய எம்எக்ஸ் முகவரியும் வேறு. இங்கிருந்து புதிதாகத் திறவுங்கள்.

ஆளுக்கு ஒன்றாகக் காசு கட்டவும் தேவையில்லை. ஓடர், பில், தகவல் என்று மூன்று முகவரி வேண்டுமென்றால் அவை ஏலியஸ், அதாவது ஒரே பெட்டிக்கு வரும் மாற்றுப் பெயர்கள். கூகிளில் ஒரு ஆளுக்கு 30 வரை இலவசம். மைக்ரோசொஃப்டில் தனி லைசன்ஸ் இல்லாமலே, பலர் சேர்ந்து பார்க்கும் ஷெயார்ட் மெயில்பொக்ஸ் வைக்கலாம். புருசனும் மனைவியும் நடத்தும் கேட்டரிங்குக்கு இரண்டு லைசன்ஸ் தாராளம். டொமைன் விற்கிறவர்கள் 'முதல் வருடம் பாதிவிலை' என்று மைக்ரோசொஃப்ட் மெயிலை ஒட்டி விற்பார்கள். இரண்டாம் வருட விலையையும், முழு அட்மின் உரிமை உங்களுக்குக் கிடைக்குமா என்பதையும் பார்த்து வாங்குங்கள். வருட ஒப்பந்தத்தில் இடையில் ஆட்களைக் குறைக்க விடமாட்டார்கள், ஆகவே முதலில் மாதக்கணக்கில் எடுப்பது புத்தி.

அடுத்தது டிஎன்எஸ். எம்எக்ஸ் என்பது மெயில் எங்கே வரவேண்டும் என்று சொல்வது. பழைய ஹோஸ்டிங்கின் எம்எக்ஸ் ஒன்றுகூட மிஞ்சக் கூடாது, மிஞ்சினால் சில கடிதங்கள் அங்கே போய்த் தொலையும். எஸ்பிஎஃப் என்பது உங்கள் பெயரில் யார் அனுப்பலாம் என்ற பட்டியல். ஒரு டொமைனுக்கு ஒரே ஒரு எஸ்பிஎஃப்தான் இருக்கலாம். இன்வொய்ஸ் சொஃப்ட்வெயார் சொன்னதென்று இரண்டாவதாக ஒன்றைச் சேர்த்தால் இரண்டுமே செல்லாது. முதலாவதற்குள்ளேயே இன்னொரு 'இன்குளூட்' ஆகச் சேர்க்க வேண்டும். அந்தப் பட்டியலைச் சரிபார்க்கத் தேவைப்படும் டிஎன்எஸ் தேடல்கள் மொத்தம் பத்தைத் தாண்டவும் கூடாது. டிகிம் என்பது கடிதம் உண்மையில் உங்கள் டொமைனிலிருந்து வந்ததென்று காட்டும் கையொப்பம். கூகிளில் அதன் சாவியை டிஎன்எஸ்ஸில் போட்டபின் அட்மின் பக்கத்துக்குத் திரும்பிப் போய்த் தொடக்கு பட்டனை அழுத்த வேண்டும். அதை மறப்பவர்கள்தான் அதிகம். சாவியின் பெயரை எழுதும் பெட்டியில் டொமைனையும் சேர்த்து எழுதாதீர்கள். பல இடங்களில் அது தானாக ஒட்டிக்கொள்ளும். டொமைன் இரண்டு தடவை வந்து ஒன்றும் வேலை செய்யாது. கடைசியில் டிமார்க், இந்தச் சோதனைகளில் தவறும் கடிதத்தை என்ன செய்வதென்று சொல்வது. முதல் சில வாரம் அதை 'நன்' (ஒன்றும் செய்யாதே) என்ற நிலையில் விட்டு அறிக்கைகளைப் பார்த்து, பிறகு இறுக்கலாம். 2024 பெப்ரவரியிலிருந்து ஜிமெயிலும் யாஹூவும் இந்தச் சோதனைகளில் கண்டிப்பாக இருக்கின்றன. நாளுக்கு நாலு கடிதம் அனுப்புகிற கடைக்கும் எஸ்பிஎஃப் அல்லது டிகிம் வேண்டும். இரண்டையும் போட்டுவிடுங்கள்.

மெயிலை மாற்றிய பிறகு வெப்சைட்டின் ஓடர் படிவம் மட்டும் வராமல் நிற்பது அடிக்கடி நடக்கும். ஜிமெயிலிலிருந்து சோதித்தால் கடிதம் வரும், எல்லாம் சரி என்று தோன்றும்; படிவத்தில் வந்த கேட்டரிங் ஓடர்கள் மட்டும் காணாமல் போகும். பழைய ஹோஸ்டிங்கின் கட்டுப்பாட்டுப் பக்கமான சிபனல் இன்னும் தானே மெயில் சேர்வர் என்று நினைத்துக்கொண்டு, அந்தக் கடிதங்களைத் தன்னிடமுள்ள பழைய பெட்டியிலேயே போடுவதுதான் காரணம். சிபனலில் 'ஈமெயில் ரவுட்டிங்' என்ற இடத்துக்குப் போய் 'ரிமோட்' என்று மாற்றுங்கள், பழைய பெட்டியைத் திறந்து அதற்குள் கிடப்பவற்றை எடுங்கள். படிவமும் புதிய மெயிலின் எஸ்எம்டிபி (கடிதம் அனுப்பும் சேர்வர்) வழியாக லொகின் செய்து அனுப்பட்டும்.

மாற்றும் ஒழுங்கு முக்கியம். முதலில் புதிய இடத்தில் எல்லா முகவரியையும், ஏலியஸ்களையும் திறவுங்கள். முதல்நாளே எம்எக்ஸின் டிடிஎல்லை (மற்றச் சேர்வர்கள் பழைய விபரத்தை நினைவில் வைத்திருக்கும் நேரத்தை) 300 செக்கனுக்குக் குறைத்து வையுங்கள். அதன்பிறகே எம்எக்ஸ். முகவரி திறக்குமுன் எம்எக்ஸை மாற்றினால் வருகிற கடிதம் காத்திருக்காது, 550 (அப்படி ஒரு முகவரி இல்லை) என்று திருப்பி அனுப்பப்படும். பழைய கடிதங்களை ஐமப்பால் நகர்த்தலாம். கடிதங்களைக் கொம்பியூட்டருக்கு இறக்கிக்கொள்ளும் பொப் முறையில் ஓடியதென்றால் அவை கடையின் அந்தப் பழைய கொம்பியூட்டரில் மட்டுமே இருக்கலாம், அதை எறிந்துவிடாதீர்கள். இரண்டு மூன்று கிழமைக்குப் பழைய பெட்டியையும் திறந்து பாருங்கள். போவர்டிங் ரூல்களையும் ஒருமுறை பாருங்கள்: உள்ளே நுழைந்தவன் முதலில் செய்வது, 'இன்வொய்ஸ்' என்ற சொல் வரும் கடிதங்களைத் தனக்கு அனுப்ப ஒரு ரூல் போடுவதுதான்.

பொங்கலுக்கும் தீபாவளிக்கும் எல்லோருக்கும் ஓஃபர் அனுப்ப ஆசை வரும். 2014 ஜூலை 1 முதல் காசல் என்ற ஸ்பாம் எதிர்ப்புச் சட்டம் இங்கே நடைமுறையில் இருக்கிறது. உங்களிடம் வாங்கியவருக்கு இரண்டு வருடம், விசாரித்தவருக்கு ஆறு மாதம் அனுப்பலாம். மற்றவர்களிடம் சம்மதம் கேட்க வேண்டும். கோயில் அன்னதானப் பட்டியலில் இருந்து எடுத்த முகவரிகள் சம்மதம் ஆகாது. கடையின் பெயர், தபால் முகவரி, விலகும் லிங்க் மூன்றும் கடிதத்தில் இருக்க வேண்டும். விலகச் சொன்னவரை 10 வேலைநாளுக்குள் எடுத்துவிட வேண்டும். உச்ச அபராதம் தனிநபருக்கு 10 லட்சம் டொலர், கொம்பனிக்கு ஒரு கோடி.

சிஆர்ஏ கணக்குப் பத்திரங்களை அவற்றுக்குரிய வரி வருடம் முடிந்து ஆறு வருடம் வைத்திருக்கச் சொல்கிறது. மெயிலில் வரும் பில்லும் அதற்குள் அடங்கும். வேலையாள் விலகியதும் அவருடைய மெயில்பொக்ஸை அழிக்குமுன் முழுதாக இறக்கி வையுங்கள்; லைசன்ஸை நிறுத்தினால் சில வாரத்தில் உள்ளே இருந்ததெல்லாம் போய்விடும். கடையை மூடினாலும் டொமைனை அந்த ஆறு வருடமும் புதுப்பித்துக்கொண்டே இருங்கள். மெயில் ஹோஸ்டிங்கை நிறுத்தி, வருவதை ஒரு ஜிமெயிலுக்குத் திருப்பிவிட்டால் வருடச் செலவு டொமைன் கட்டணம் மட்டும்தான். இன்டராக், வங்கி, சிஆர்ஏ எக்கவுண்ட் ஒவ்வொன்றிலும் முகவரியை மாற்றி, அந்த ஆறு வருடமும் கடந்து, கடைசிக் கடிதம் வந்து ஒரு முழு வருடமும் ஆனபிறகு டொமைனை விடுவதைப் பற்றி யோசிக்கலாம்.