செட்டிநாட்டு வீட்டில் கோய் மீன் குளம்: தண்ணீரிலிருந்து தொடங்குங்கள்

கோய் வளர்க்க ஆசைப்பட்டு என்னிடம் வழி கேட்பவர்களில் பலர், மீனை வாங்கிவந்த பிறகே தொட்டியைத் தேடுகிறார்கள். வரிசை தலைகீழாக இருக்க வேண்டும். ஜப்பானில் பனி கொட்டும் நீகாட்டா மலைப்பகுதியின் விவசாயிகள், உணவுக்காக வளர்த்த கெண்டைகளிலிருந்து நிறமுள்ளவற்றைத் தேர்ந்தெடுத்து உருவாக்கிய இந்த மீன், இரண்டு அடிக்கு மேல் வளரக்கூடியது. கண்ணாடித் தொட்டி மூன்று, நான்கு அங்குலக் குஞ்சுகளுக்குச் சில மாதங்கள் மட்டுமே போதும்.

முதலில் இடத்தையும் ஆழத்தையும் முடிவு செய்யுங்கள். பின்கட்டில் நண்பகலுக்குப் பிறகு நிழல் விழும் மூலை நல்லது. முற்றத்தின் நடுவில் அமைத்தால் நிழல் வலை கட்டாயம். ஆழம் நான்கு அடிக்குக் குறையக் கூடாது, ஏனென்றால் ஆழமற்ற தண்ணீர் சித்திரை வெயிலில் விரைவாகச் சூடேறும். 20 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் நீரில் ஏறக்குறைய 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் அது ஏழரை மில்லிகிராமாகக் குறைந்துவிடும். நம் ஊரில் கோய் வளர்ப்பவரின் பெரும் கவலை இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

நீளம், அகலம், ஆழத்தை அடிக்கணக்கில் பெருக்கி, வரும் எண்ணை 28.3ஆல் பெருக்கினால் லிட்டர் கிடைக்கும். எட்டுக்கு ஐந்து அடி, நான்கடி ஆழமுள்ள குளம் சுமார் 4,500 லிட்டர் கொள்ளும். வளர்ந்த மீன் ஒன்றுக்கு 1,000 லிட்டர் என்று கணக்கிட்டால், நான்கு மீன்களோடு நிறுத்திக்கொள்வதே சரி.

புதிய சிமெண்ட் பூச்சும் சுண்ணாம்புப் பூச்சும் தண்ணீரின் காரத்தன்மையை உயர்த்தும். ஆகவே குளத்தை நிரப்பிச் சில நாள் விட்டு வடிப்பதைப் பலமுறை செய்து, பிஹெச் அளவு 8.5க்குக் கீழே நிலைத்த பிறகே அடுத்த வேலைக்குச் செல்லுங்கள். அழகுக்காகப் பழைய பித்தளை அண்டாவிலோ செம்புக் கிடாரத்திலோ மீன் விட நினைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: தண்ணீரில் கரையும் செம்பு மீனுக்கு நஞ்சு, தயவுசெய்து வேண்டாம்.

அடுத்து, வடிகட்டி. குளத்தின் முழு நீரும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அதன் வழியே சுற்றிவரும் அளவுக்கு மோட்டாரைத் தேர்ந்தெடுங்கள். மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை ஓரளவு தீங்கற்ற நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா வடிகட்டியில் குடியேறுவதற்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். அதுவரை மீன் இல்லாமலே மோட்டாரை ஓடவிட்டு, தினமும் ஒரு சிட்டிகைத் தீவனம் போட்டு, பரிசோதனைப் பெட்டியில் அம்மோனியா ஏறுவதையும் பிறகு அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யத்துக்கு இறங்குவதையும் கவனியுங்கள். இந்தக் காத்திருப்பைத் தவிர்த்ததால் என் முதல் மீன்களில் இரண்டை இழந்தேன். அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் நீக்கிவிட்டு ஊற்றுங்கள். ஆழ்துளைக் கிணற்று நீரில் ஆக்சிஜன் குறைவாக இருக்கலாம் என்பதால், அதை உயரத்திலிருந்து கொட்டவிடுங்கள். மீன் வந்ததும் பையை அரைமணி நேரம் நீரில் மிதக்கவிட்டு வெப்பநிலையைச் சமப்படுத்துங்கள். ஏற்கெனவே மீன்கள் இருந்தால், புதியவற்றை மூன்று வாரம் தனித்தொட்டியில் வையுங்கள்.

கோய் மீனுக்கு இரைப்பை கிடையாது. ஆகையால் ஐந்து நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவைச் சிறுசிறு வேளைகளாகக் கொடுங்கள். வாரம் ஒருமுறை பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றுங்கள். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் பிளந்தால் ஆக்சிஜன் போதவில்லை என்று பொருள். மின்வெட்டிலும் காற்றுப் பம்பு ஓடும்படி இன்வெர்ட்டரில் இணைத்துவிடுங்கள்.

மீன்கள் பெருகினால் வளர்ப்பவர்களுக்குக் கொடுங்கள். ஊருணியிலோ கண்மாயிலோ விடாதீர்கள். கெண்டையினம் அடிச்சேற்றைக் கிளறி நீரைக் கலக்கும், நீர்த்தாவரங்களையும் வேரோடு பிடுங்கிவிடும்.