சிறந்த கட்டுரை விருதை மதிப்பெண் சராசரியிடம் விடாதீர்கள்

கணினி அறிவியல் மாநாட்டில் முதன்முறை புரோகிராம் சேர் (கட்டுரைத் தேர்வுக்குப் பொறுப்பானவர்) ஆகிறவர்கள் அடிக்கடி செய்யும் தவறு இது: ரிவியூ (துறையினர் கட்டுரையைப் படித்துத் தரும் மதிப்பீடு) மதிப்பெண்களின் சராசரியை வரிசைப்படுத்தி, மேலே நிற்கும் கட்டுரைக்கே விருதைக் கொடுத்துவிடுவது. அந்த எண் அவ்வளவு பாரம் தாங்காது. 2014-இல் நிப்ஸ் மாநாடு (இன்றைய நியூரிப்ஸ்) 166 கட்டுரைகளை இரண்டு தனித்தனிக் குழுக்களிடம் கொடுத்துப் பார்த்தது. 43 கட்டுரைகளில் முடிவு மாறியது. ஒரு குழு ஏற்றவற்றில் பாதிக்கும் மேற்பட்டவற்றை மற்றது தள்ளியது. ஏற்பதா வேண்டாமா என்பதிலேயே இத்தனை வேறுபாடு. விருதுக்கு இரண்டாவது வாசிப்பு கட்டாயம் வேண்டும்.

ஆளெண்ணிக்கையை முதலில் கணக்கிடுங்கள். 200 கட்டுரைகள், ஒன்றுக்கு 3 ரிவியூ என்றால் 600 ரிவியூ. ஆளுக்கு 4 கொடுத்தால் 150 பேர் வேண்டும். கைவிடுகிறவர்களுக்குப் பதிலாக இன்னும் 15 பேரையாவது கையிருப்பில் வையுங்கள். ஒரே நிறுவனத்தார், வழிகாட்டியும் மாணவரும், கடந்த 3 ஆண்டுகளில் சேர்ந்து எழுதியவர்கள் ஆகியோரிடம் அந்தக் கட்டுரை ரிவியூவுக்குப் போகாமலிருக்க, அவர்களின் பெயர்களை ஆசிரியர்கள் சமர்ப்பிக்கும்போதே வாங்கிவிடுங்கள். மாணவர் விருது உண்டென்றால் முதல் ஆசிரியர் மாணவரா என்றும் அப்போதே கேளுங்கள். ரிவியூவுக்காக ஆசிரியர் பெயரை மறைத்த பிறகும் நன்றியுரை, கிட்ஹப் (நிரல் பகிரும் தளம்) இணைப்பு, பிடிஎஃப் கோப்பின் பண்புகள் மூன்றும் ஆளைக் காட்டிக்கொடுக்கும்.

ரிவியூ படிவத்தில் "விருதுக்குப் பரிந்துரைக்கிறீர்களா, ஏன்?" என்ற கேள்வி இருக்கட்டும். காரணத்தைக் கட்டாயமாக்குங்கள். இரண்டு ரிவியூக்களைப் பாருங்கள்:

"நல்ல கட்டுரை. தெளிவான நடை. ஏற்கலாம்." மதிப்பெண் 9.

"அட்டவணை 3-இல் ஒப்பிடப்படும் மாடலுக்கு அதே பயிற்சித் தரவு தரப்படவில்லை. தந்தால் இந்த 2 புள்ளி முன்னிலை நிற்குமா?" மதிப்பெண் 6.

இரண்டாமவர் கட்டுரையைப் படித்திருக்கிறார். முதல் ரிவியூவை, அது வந்த அன்றே ஏரியா சேர் (ஒரு பிரிவின் ரிவியூக்களைக் கவனிப்பவர்) திருப்பி அனுப்ப வேண்டும்; ஆசிரியர்களின் மறுமொழிக் கட்டம் வரை விட்டால் நேரம் இருக்காது.

ஏற்ற கட்டுரைகள் 50 என்றால் விருதுப் பட்டியலில் 4 முதல் 6 போதும். 7, 7, 7 வாங்கியதை எடுத்துக்கொண்டு 9, 8, 3 வாங்கியதைத் தள்ளிவிடாதீர்கள். அந்த 3 ஏன் வந்தது என்று படியுங்கள். நிரூபணத்தில் ஓட்டை என்றால் விட்டுவிடலாம். "இது நம் துறைக்கு உரியதல்ல" என்பதுதான் காரணம் என்றால் பட்டியலில் இருக்கட்டும். புதிய பாதை போடும் கட்டுரைகளுக்கு இப்படித்தான் மதிப்பெண் சிதறும்.

விருதுக் குழுவில் 3 அல்லது 5 பேர். பட்டியலில் உள்ள எந்தக் கட்டுரையோடும் தொடர்பில்லாதவர்களாக இருக்க வேண்டும். தன் மாணவரின் கட்டுரை வரும்போது மட்டும் ஒருவர் வெளியேறினால் போதாது. மற்றவற்றுக்கு அவர் போடும் வரிசையும் அதைப் பாதிக்கும். பெயர் நீக்கிய இறுதி வடிவத்தைப் பழைய மதிப்பெண் இல்லாமல் கொடுத்து, 2 வாரம் அவகாசம் தாருங்கள். ஒவ்வொருவரும் தம் வரிசையை எழுதி அனுப்பிய பிறகே கூடிப் பேச வேண்டும். இல்லையென்றால் முதலில் பேசுகிறவர் பக்கமே கூட்டம் சாயும். ஆசிரியர்கள் நிரல் தந்திருந்தால் அதை ஓட்டி, ஒரு அட்டவணையின் எண்களாவது வருகின்றனவா என்று பார்த்துவிடுங்கள்.

முடிவானதும் மேடையில் வாசிக்கும் காரணத்தை மூன்று வாக்கியங்களில் எழுதுங்கள். எழுத வரவில்லை என்றால் தேர்வு இன்னும் முடியவில்லை, மறுபடி கூடுங்கள். தகுதியானது இல்லாத ஆண்டில் விருது தராமல் விடும் உரிமையை விதியிலேயே எழுதி வையுங்கள்.