கிம்ப்பில் புதுப் படத்துக்கு எந்த அளவை நிரந்தரமாக வைப்பது?

படங்களைத் திருத்தும் மென்பொருளான கிம்ப் 2.10இல் புதுப் படம் திறந்தால் 1920 × 1080 பிக்சல் வரும். அது திரைக்கான அளவு. 300 பிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு 300 பிக்சல்) அச்சிட்டால் சுமார் 16 சென்ரிமீற்றர் அகலம்தான். மாமாங்கத் திருவிழா நோட்டீஸ், கல்முனைக் கடைத் திறப்புக்குப் பெனர் என்று அச்சு வேலையே செய்பவர்கள், அடிக்கடி செய்யும் தாளின் அளவையே நிரந்தரமாக வைத்துவிடுவது நல்லது. ஏ4ஐ எடுத்துக்கொள்வோம்.

1. எடிட் → ப்ரிஃபரன்சஸ் → டிஃபால்ட் இமேஜ்.

2. அகலம், உயரத்தை இப்போது தொடவேண்டாம். அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸை விரித்து எக்ஸ், வை ரெசல்யூஷன் (அந்தப் பிபிஐ எண்) இரண்டையும் 300 ஆக்குங்கள்.

3. அதன்பிறகு அலகை மில்லிமீற்றருக்கு மாற்றி 210, 297 என்று கொடுங்கள்.

பலரும் சறுக்குவது இந்த வரிசையில்தான். பெட்டிக்குக் கீழே பிக்சல் கணக்கு தெரியும். 2480 × 3508 என்று இருக்கவேணும். 595 × 842 என்றால் ரெசல்யூஷன் 72இல் நிற்கிறது. தாள் ஏ4 அளவிலேயே அச்சாகும், ஆனால் எழுத்தின் ஓரமெல்லாம் பல்லுப்பல்லாக வரும். 210 × 297 பிக்சல் என்றே இருந்தால் அலகை மாற்ற மறந்துவிட்டீர்கள். வேலை முடிந்தபின் பிரிண்ட் சைஸில் 300 என்று மாற்றினாலும் பிக்சல் எண்ணிக்கை அதிகரிக்காது, அச்சாகும் அளவுதான் சுருங்கும். ஸ்கேல் இமேஜ் பிக்சலைக் கூட்டும், ஆனால் இல்லாத விவரத்தை ஊகித்து நிரப்புவதால் படம் மங்கும்.

ஏ5 கைநோட்டீஸ் (1748 × 2480), பெனர் போன்றவற்றைத் தனித்தனி டெம்ப்ளேட்டாக (அளவுகளை வைத்திருக்கும் மாதிரி) சேமியுங்கள். ஒவ்வொரு முறையும் எண்களைத் தட்டுவது வீண்வேலை.

பெனருக்கு 300 வைக்கவே வேண்டாம். 10 × 8 அடிக்கு அது 36000 × 28800 பிக்சல். வழக்கமான 8 பிட் நிறத்தில் ஒரு லேயருக்கே (படத்தின் ஓர் அடுக்குக்கே) 4 ஜிபிக்கு மேல் நினைவகம் போகும், சாதாரண மடிக்கணினி திணறும். தெருவில் தூரத்திலிருந்து பார்க்கும் பெனருக்கு 72 போதும்: 8640 × 6912, லேயருக்குச் சுமார் 240 எம்பி. அச்சகம் வேறு எண் கேட்டால் அதையே கொடுங்கள்.

பின்சேர்க்கை: ஓரம்வரை நிறம் போகும் நோட்டீஸுக்கு, வெட்டுவதற்காக நாலு பக்கமும் 3 மில்லிமீற்றர் கூடுதலாக விடவேணும். ஏ4 அப்போது 216 × 303 மில்லிமீற்றர், அதாவது 2551 × 3579 பிக்சல். வெட்டும் கத்தி கொஞ்சம் விலகினாலும் வெள்ளைக் கோடு தெரியாது. எழுத்தை மட்டும் வெட்டுக்கோட்டிலிருந்து 5 மில்லிமீற்றராவது உள்ளே தள்ளி வையுங்கள்.