அயர்லாந்து மறுஇணைப்பு விவாதத்தைப் புதுச்சேரியில் நடத்தும் முறை

வாசகர் வட்டத்திலோ கல்லூரி மன்றத்திலோ அயர்லாந்து மறுஇணைப்பை, அதாவது பிரிட்டனோடு இருக்கும் வட அயர்லாந்தைத் தெற்கேயுள்ள அயர்லாந்துக் குடியரசோடு சேர்ப்பதைப் பற்றி விவாதம் வைக்க விரும்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். "அயர்லாந்து ஒன்றாக வேண்டுமா, வேண்டாமா" என்று தலைப்பு வைத்தால் அரை மணி நேரத்தில் பேச்சு வெறும் முழக்கமாகிவிடும். "அதை முடிவு செய்ய வேண்டியவர்கள் யார்" என்று வைத்தால்தான் சுயநிர்ணய உரிமை என்ற சொல்லுக்குள் அடைபட்டுக் கிடக்கும் சிக்கல் வெளியே வரும்.

பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரி இந்தியாவுடன் இணைவதற்கு வாக்கெடுப்பு நடந்த கீழூரிலிருந்து பேச்சைத் தொடங்குங்கள். 1954 அக்டோபர் 18 அன்று அங்கே வாக்களித்தவர்கள் 178 பேர்; இந்தியாவுடன் இணைய ஆதரவாக 170 வாக்குகள், எதிராக 8. அந்த 178 பேரும் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதிகள் என்பதையும், அதற்கு ஐந்தாண்டுகள் முன்பு, 1949 ஜூனில், வங்காளத்திலிருந்த பிரெஞ்சுப் பகுதியான சந்திரநாகூரில் மக்களே நேரடியாக வாக்களித்தார்கள் என்பதையும் அடுத்தடுத்துச் சொல்லிவிட்டு, இரண்டும் ஒரே உரிமையின் இரண்டு வடிவங்கள்தானா என்று அவையைக் கேளுங்கள். புதுச்சேரியின் சட்டப்படியான இணைப்பு நாளான ஆகஸ்ட் 16இன் கொடியேற்றத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கே இந்தக் கேள்வி புதிதாக இருக்கும். இதற்குப் பதில் தேடியவர்களால்தான் வட அயர்லாந்தின் தலைநகரான பெல்பாஸ்டின் வழக்கைப் பொறுமையாகக் கேட்க முடியும்.

அடுத்து, சொற்களைச் சரிசெய்ய வேண்டும். பிரிட்டனுடனேயே நீடிக்க விரும்புகிறவர்கள் யூனியனிஸ்டுகள். அயர்லாந்து ஒரே நாடாக வேண்டும் என்பவர்கள் தேசியவாதிகள். முன்னவர்களை "ஒன்றியவாதிகள்" என்றும் பின்னவர்களை "இணைப்புவாதிகள்" என்றும் மொழிபெயர்த்தால், நேரெதிரான இரண்டு தரப்பும் தமிழில் ஒரே தரப்புபோல ஒலிக்கும். அதிலும், யூனியன் பிரதேசத்தில் வாழும் நாம் "யூனியன்" என்றதும் தில்லியை நினைப்போம். ஆகவே பலகையின் ஒரு மூலையில் இரண்டு சொற்களையும் பொருளோடு எழுதி, கூட்டம் முடியும்வரை அழிக்காமல் வைத்திருங்கள். சுயநிர்ணயம் என்றதும் பேச்சு ஈழத்துக்குத் திரும்புவது நம்மிடையே இயல்பு. அதைத் தடுக்கத் தேவையில்லை, கடைசிப் பதினைந்து நிமிடங்களை அதற்கென ஒதுக்கிவிடுவதாக முதலிலேயே அறிவித்துவிட்டால் போதும்.

வரலாற்றை விரிவுரையாக்காதீர்கள். வீட்டிலிருந்து 105 புளியங்கொட்டைகளை எண்ணிக் கொண்டுவந்து மேசையில் பரப்புங்கள். 1918 டிசம்பர் பிரிட்டிஷ் பொதுத்தேர்தலில் அயர்லாந்து முழுவதற்கும் இருந்த தொகுதிகள் அவ்வளவு. அவற்றில் 73ஐ ஒரு பக்கமாக ஒதுக்குங்கள். அவை விடுதலை கேட்ட சின் ஃபெயின் கட்சி வென்றவை. தீவு முழுவதையும் ஒரே மக்களாகக் கொண்டால் தீர்ப்பு அங்கேயே முடிந்துவிட்டது. இப்போது வடகிழக்கில் உள்ள ஆறு மாவட்டங்களுக்குரிய கொட்டைகளை மட்டும் பிரித்து வையுங்கள். அந்தச் சிறு குவியலுக்குள் யூனியனிஸ்டுகளே பெரும்பான்மை. கொட்டைகள் மாறவில்லை, கோடுதான் மாறியது. 1920ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 32 மாவட்டங்களில் அந்த ஆறும் 1921இல் வட அயர்லாந்து ஆயின. அல்ஸ்டர் மாகாணத்தில் ஒன்பது மாவட்டங்கள் இருக்க, டோனிகால், கேவன், மோனகன் மூன்றையும் ஏன் வெளியே விட்டார்கள் என்று யாராவது கேட்பார்கள். ஒன்பதையும் சேர்த்திருந்தால் யூனியனிஸ்டுகளின் பெரும்பான்மை ஆட்டம் கண்டிருக்கும் என்பதே விடை. நான் நடத்திய கூட்டத்தில் அதிக நேரம் எடுத்துக்கொண்டது இந்த மேசைதான். அதைச் சுருக்க வேண்டாம்.

பிறகு இன்றைய சட்டத்துக்கு வாருங்கள். 1998 ஏப்ரல் 10 அன்று கையெழுத்தான, வட அயர்லாந்துக்கான அமைதி ஒப்பந்தமான புனித வெள்ளி உடன்படிக்கை, தீவின் மக்களுக்குச் சுயநிர்ணய உரிமை உண்டு என்று ஒப்புக்கொண்டே, அதை வடக்கும் தெற்கும் தனித்தனியாகச் சம்மதித்துத்தான் பயன்படுத்த முடியும் என்று கட்டிவைத்தது. 1918இன் பெரிய குவியல், 1921இன் சிறிய குவியல் இரண்டுக்கும் ஒரே வாசகத்தில் இடம் கொடுத்த கெட்டிக்காரத்தனம் அது. அதே ஆண்டு மே 22 அன்று நடந்த வாக்கெடுப்புகளில் வடக்கில் 71 விழுக்காட்டினரும் தெற்கில் 94 விழுக்காட்டினரும் அதை ஏற்றார்கள். வடக்கில் பெரும்பான்மையினர் இணைப்பை விரும்பக்கூடும் என்று தமக்குத் தோன்றினால் வட அயர்லாந்துக்கான பிரிட்டிஷ் அமைச்சர் அங்கே வாக்கெடுப்புக்கு ஆணையிட்டாக வேண்டும். தோற்றால் அடுத்ததற்கு ஏழாண்டுகளாவது காத்திருக்க வேண்டும். அவருக்கு எதை வைத்துத் "தோன்ற" வேண்டும் என்பதைச் சட்டம் சொல்லவில்லை. வழக்கறிஞர் எவரேனும் அவையில் இருந்தால் இந்த இடத்தில் அவரைப் பேசவிடுங்கள்.

எண்களை வீசுகிறவர்களைச் சற்று நிதானப்படுத்துங்கள். வட அயர்லாந்தில் நடந்த 1973 வாக்கெடுப்பில் 98.9 விழுக்காடு பிரிட்டனுக்கே விழுந்தது என்பார் ஒருவர். தேசியவாதிகள் அதைப் புறக்கணித்தார்கள் என்பதையும் அவரே சொல்ல வேண்டும். அங்கே 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கத்தோலிக்கப் பின்னணியினர் 45.7, புராட்டஸ்டண்ட் உள்ளிட்ட பிற கிறித்தவப் பின்னணியினர் 43.5 விழுக்காடு என்பார் இன்னொருவர். கத்தோலிக்கர் என்பதாலேயே ஒருவர் இணைப்புக்கு வாக்களிப்பார் என்றில்லை; மதம் வேறு, வாக்கு வேறு.

முடிவில் மாதிரி வாக்கெடுப்பு வைப்பதானால், சீட்டுக் குலுக்கி அவையை வடக்கு, தெற்கு என்று பிரித்து, இரண்டு பெட்டிகள் வையுங்கள். வடக்குக்காரர்கள் சிலரை யூனியனிஸ்டுகளாகவே வாதாடச் சொல்லுங்கள். பெரும்பாலோர் முதலில் மறுப்பார்கள். இரண்டு பெட்டிகளின் எண்ணிக்கையையும் பலகையில் தனித்தனி வரிகளில் எழுதுங்கள். கூட்டிச் சொல்லும்படி யாரேனும் கட்டாயம் கேட்பார்கள், கூட்டாதீர்கள்.